அம்மை வரலாறு கற்பிக்கும் பாடம்

விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சோதனைக் குழாய்களும், நுண்நோக்கிகளும், ஆராய்ச்சிக் கூடங்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. வரலாறு, இலக்கியம், சமயம், சமூகவியல் என்ற சொற்களைக் கேட்டால் தோன்றுவது முற்றிலும் வேறோர் உலகம். இவ்விரண்டுக்கும் இடையே உயர்ந்த மதில் ஒன்று நிற்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். பள்ளிப் படிப்பின் இறுதிக் கட்டத்திலேயே மாணவர்கள் அம்மதிலுக்கு இப்பாலும் அப்பாலுமாகப் பிரிந்து விடுகின்றனர். கலைப் பிரிவில் பயின்றவர்க்கு விஞ்ஞானம் அயலார் வீடு. விஞ்ஞானம் பயின்றவர்க்கு வரலாறும் இலக்கியமும் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. இப்பிரிவினையால் நேரும் நஷ்டத்தை, விஞ்ஞானியும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்நோ என்ற ஆங்கிலேயர் 1959-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் எடுத்துரைத்தார்.

ஆயினும் அம்மதிலின்மேல் ஏறி இருபுறமும் நோக்கும் கல்வி ஒன்றும் உண்டு. விஞ்ஞானத்தையும், தொழில் நுட்பத்தையும், மருத்துவத்தையும், வரலாறு, மொழி, இலக்கியம், சமயம், சமூகவியல் ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதே அக்கல்வியாகும். நம் நாட்டுக்கு இது புதியதன்று. வங்காளத்து ரசாயன விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய், ஆராய்ச்சிக் கூடத்தில் அமிலங்களோடு பழகிய அதே கையால் வடமொழி ஏடுகளையும் புரட்டி, இந்திய ரசாயனத்தின் வரலாற்றை எழுதினார். அந்நூலின் முதற்பாகம் 1902-இல் வெளிவந்தது. ஒரு கண்டுபிடிப்பு எச்சூழ்நிலையில் பிறந்தது? யார் கைவழியே யாரைச் சென்றடைந்தது? ஏற்றவர்கள் ஏன் ஏற்றனர்? மறுத்தவர்கள் ஏன் மறுத்தனர்? இத்தகைய வினாக்களே இக்கல்வியின் உயிர்நாடி.

இவ்வினாக்களுக்கு விடை தேடுவதால் பயன் யாது என்று கேட்போர் உளர். பயனைப் பொதுவாகப் பேசுவதைவிட, நம் நாடு முழுவதும் அறிந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு காண்பதே நலம். பெரியம்மையின் வரலாற்றை அதற்காக எடுத்துக்கொள்வோம்.

நோயும் அதன் முடிவும்

பெரியம்மை, வைரஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாகும் தொற்றுநோய். கடுமையான காய்ச்சலில் தொடங்கி, உடல் முழுவதும் கொப்புளங்களாக வெடிக்கும். அதன் கொடிய வகை, தான் பற்றிய பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரை மாய்த்தது. பிழைத்தவர்களுள் பலர் முகத்தில் ஆறாத வடுக்களைச் சுமந்தனர். சிலர் கண்பார்வையை இழந்தனர். 1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி, எட்வர்டு ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த பசுவம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து ஒரு சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். பின்னர் அச்சிறுவனுக்குப் பெரியம்மை நீரையே ஏற்றிப் பார்த்தபோதும் நோய் பற்றவில்லை. அன்று தொடங்கிய முறை உலகெங்கும் பரவிற்று. இறுதியில், 1980-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, பெரியம்மை பூவுலகினின்றும் அடியோடு ஒழிந்தது என உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. மனிதரைத் தாக்கும் நோய்களுள் இவ்வாறு முற்றிலும் ஒழிக்கப்பட்டது இஃது ஒன்றே.

மருத்துவப் பாடநூல் கூறும் கதை இவ்வளவுதான். இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் குறை உண்டு. தடுப்பு முறை 1802-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. நோய் இந்நாட்டை விட்டு அகன்றதோ 1975-இல். கையில் மருந்து இருந்தும் நூற்று எழுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தது ஏன்? இடைப்பட்ட காலத்தில் மாண்டவர்களின் எண்ணிக்கையை நினைக்கும்போது இக்கேள்வி வெறும் புலமை விளையாட்டாகத் தோன்றாது. மக்களின் மூடநம்பிக்கையே காரணம் என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் எழுதி வைத்தனர். அந்த விடை சரியானதா என்பதை ஆராயும்போதுதான் மானிடக் கலைகளின் பணி தொடங்குகிறது.

சொற்கள் சொல்லும் செய்தி

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொற்களே சாட்சிகள். தமிழில் இந்நோயின் பெயர் அம்மை, அஃதாவது தாய். தெலுங்கரும் தாயின் பெயராலேயே இதனை வழங்கினர். இந்தியில் 'மாதா', வங்காளத்தில் 'தாயின் தயை' என்றனர், இளவேனிற் காலத்தில் பரவுவதால் 'வசந்தம்' என்றும் அழைத்தனர். 'அம்மை வார்த்திருக்கிறது' என்போமேயன்றி, 'அம்மை நோய் தாக்கியது' என்று நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டதில்லை. கொப்புளத்தை முத்து என்றனர். குணமான பின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஒரு சடங்காகவே நடத்தினர். வடநாட்டில் இந்நோய்க்குரிய தெய்வத்தின் பெயர் சீதலா; குளிர்ந்தவள் என்பது அதன் பொருள். தென்னாட்டில் மாரியம்மன், மாரி என்பது மழை.

வெம்மையால் வாடும் உடலைக் குளிர்விக்க வேண்டும் என்ற கருத்து இப்பெயர்கள் அனைத்திலும் ஊடுருவி நிற்பதைக் காண்கிறோம். அது கருத்தளவில் நின்றுவிடவும் இல்லை. வாயிலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அயலார் நுழையமாட்டார். அவ்வீட்டில் தாளிதம் இராது. நோயாளியைத் தனியே கிடத்தி, மெல்லிய துணி விரித்து, எளிய உணவு அளிப்பர். தொற்று என்ற சொல்லை அறியாதிருந்தும், நோயாளியை ஒதுக்கி வைத்துப் பேணும் ஒழுங்கு ஒன்று அங்கு நிலவிற்று. சமயத்தை ஆராய்பவர் இதனை நம்பிக்கை என்பர். மருத்துவத்தை ஆராய்பவர் சிகிச்சை என்பர். மக்களுக்கு அவை இரண்டும் ஒன்றே.

இலக்கியமும் இங்குச் சான்று கூறுகிறது. வங்காளத்தில் சீதலா தேவியின் புகழ் பாடும் 'சீதலா மங்கல்' என்ற கதைப் பாடல்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பெருகின. மராத்தியரின் படையெடுப்பும், பஞ்சமும், கொள்ளைநோயும் அடுத்தடுத்து அந்நாட்டைக் கலக்கிய காலம் அது. மானிடவியல் அறிஞர் ரால்ப் நிக்கலஸ் இப்பாடல்களையும் அக்காலத்து நோய்ப் பெருக்கையும் இணைத்து ஆராய்ந்து, தெய்வ வழிபாடும் துன்பத்தின் வரலாறும் பிரிக்க முடியாதவை எனக் காட்டினார். புள்ளி விவரங்கள் எழுதப்படாத காலத்துக்குப் பாட்டே ஆவணமாகிறது.

டீகாதாரர்கள்

ஜென்னருக்கு முன்னரே அம்மையைத் தடுக்கும் முறை ஒன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வழங்கி வந்தது. பெரியம்மைக் கொப்புளத்தின் நீரையே சிறிதளவு எடுத்து, நலமாயிருப்பவரின் தோலில் கீறி ஏற்றுவதே அம்முறை. அவருக்கு நோய் இலேசாகக் கண்டு நீங்கும். பின்னர் ஆயுள் முழுவதும் அஞ்ச வேண்டுவதில்லை. துருக்கியில் இதனைக் கண்ட மேரி வொர்ட்லி மான்டேகு சீமாட்டி, 1721-இல் லண்டனில் தம் மகளுக்கு இதைச் செய்வித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இம்முறை கையாளப்பட்டது. அங்கு இதனைக் கற்பித்தவர் ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. மருத்துவ அறிவு மேலிருந்து கீழாக மட்டுமே பாய்வது என்ற எண்ணத்தை இவ்வரலாறே மறுக்கிறது.

வங்காளத்தில் இத்தொழிலைச் செய்தவர்கள் டீகாதாரர்கள் எனப்பட்டனர். ஹோல்வெல் என்ற ஆங்கிலேயர் தாம் கண்டவற்றை 1767-இல் லண்டன் மருத்துவக் கழகத்தாருக்கு எழுதி அறிவித்தார். அம்மைப் பருவம் தொடங்குமுன்னரே டீகாதாரர்கள் சிறு சிறு குழுக்களாக ஊர்களுக்கு வந்து சேர்வர். அவர்கள் வருகையை எதிர்நோக்கும் மக்கள் ஒரு மாத காலம் மீன், பால், நெய் ஆகியவற்றை விலக்கிப் பத்தியம் காப்பர். சென்ற ஆண்டின் கொப்புள நீரைப் பஞ்சில் தோய்த்து வைத்திருந்து, கங்கை நீர் தெளித்து நனைத்து, கையில் மெல்லக் கீறிய இடத்தின்மீது வைத்துக் கட்டுவர். அதன்பின் குளிர்ந்த நீரை உடலில் ஊற்றுதல், பத்திய உணவு, தேவிக்குக் காணிக்கை என முறை தொடரும். ஓராண்டு வைத்திருந்த பொருளையன்றிப் புதியதை அவர்கள் பயன்படுத்துவதில்லை என்று ஹோல்வெல் குறிப்பிடுகிறார். காந்தியவாதியான வரலாற்று அறிஞர் தரம்பால், பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய விஞ்ஞானம் பற்றி 1971-இல் வெளியிட்ட தொகுப்பில் இக்குறிப்பையும் சேர்த்து, மறந்துபோன இத்தொழிலை நம் நினைவுக்குக் கொணர்ந்தார்.

இம்முறையைப் போற்றும்போதே அதன் ஆபத்தையும் மறைத்தல் கூடாது. ஏற்றப்படுவது உண்மையான பெரியம்மையே ஆதலின், நூற்றுக்கு ஓரிருவர் மாண்டனர். மேலும், ஏற்றிக்கொண்டவர் ஒதுங்கியிராவிடில் அவரிடமிருந்து அயலாருக்கு நோய் பரவும். ஜென்னரின் முறையில் இவ்வாபத்து இல்லை. விஞ்ஞான நோக்கில் புதிய முறையே மேலானது என்பதில் ஐயமில்லை.

மறுத்தவர்கள் ஏன் மறுத்தனர்?

அவ்வாறாயின் மக்கள் ஏன் அதனை உடனே ஏற்கவில்லை? பசுவம்மைப் பால், வியன்னாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாயை வந்தடைந்து, 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஏற்றப்பட்டது. பசுவைப் போற்றும் நாட்டில் பசுவிடமிருந்து வந்த மருந்தை இந்துக்கள் இரு கைகளாலும் வரவேற்பர் என்று ஆங்கிலேயர் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு.

டேவிட் ஆர்னால்டு போன்ற வரலாற்று ஆசிரியர்கள் பழைய அரசாங்க அறிக்கைகளைத் துருவி ஆராய்ந்து கூறும் காரணங்கள் கருதத்தக்கவை. அக்காலத்தில் இம்மருந்தைச் சேமித்து வைக்க வழியில்லை. எனவே ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து மற்றொரு குழந்தைக்கு, கைக்குக் கை மாற்றி ஏற்றினர். காய்ச்சலோடிருக்கும் தன் குழந்தையை, பிறர்க்கு நீர் எடுப்பதற்காக ஊர் ஊராகத் தூக்கிச் செல்வதற்கு எந்தத் தாய் இசைவாள்? எவருடைய உடல்நீர் தம் உடலில் ஏறுகிறது என்ற சாதிக் கூச்சம் ஒருபுறம். அதன்வழி வேறு நோய்கள் தொற்றும் என்ற அச்சம் மறுபுறம். சாதிக் கூச்சத்தை நாம் இன்று ஏற்பதற்கில்லை. ஆனால் நோய் தொற்றும் என்ற அச்சத்தில் உண்மை இருந்தது. கோடை வெப்பத்தில் மருந்து வீரியம் இழந்தது. ஒருமுறை ஏற்றினால் ஆயுள் முழுவதும் காப்பு என்று முதலில் சொன்னார்கள்; மறுமுறையும் ஏற்ற வேண்டும் என்பது பின்னரே தெரிந்தது. ஏற்றிக்கொண்ட பிள்ளைக்கும் அம்மை கண்டபோது பெற்றோர் எதை நம்புவர்?

இவற்றினும் நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. டீகாதாரர் ஊரார் அறிந்தவர். அவர் தேவியை வணங்கித் தொடங்கினார், பத்தியம் சொன்னார், முறையோடு தொழிலை நடத்தினார். புதிதாக வந்த அரசாங்கப் பணியாளரோ அந்நியர். கத்தியோடு வந்தார், கீறினார், கணக்கில் பதிந்தார், போய்விட்டார். இரண்டுக்கும் வடநாட்டார் வழங்கிய பெயர் 'டீகா' என்பதே. 1865-இல் கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பழைய டீகாவைச் சட்டம் தடை செய்தது. 1880-ஆம் ஆண்டுச் சட்டமோ, அது நடைமுறைக்கு வந்த நகராட்சிகளில் புதிய டீகாவைக் குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கிற்று. ஒரே பெயருடைய இரண்டு செயல்களுள் ஒன்று குற்றம், மற்றொன்று கடமை என்றால் பாமர மக்கள் மயங்கியது வியப்பன்று. பின்னர் பழைய டீகாதாரர்கள் பலரையே புதிய பணிக்கு அமர்த்தியபோது எதிர்ப்பு தணியலாயிற்று என்பதும் சிந்திக்கத்தக்கது. மக்கள் மறுத்தது மருந்தை மட்டுமன்று. அது வந்த விதத்தையும்தான்.

இவ்வெதிர்ப்பு கீழ்நாட்டாரின் அறியாமை என்பாருக்கு இங்கிலாந்தின் வரலாறே விடை கூறும். அங்கு 1853-இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. ஏழைப் பெற்றோருக்கு அபராதமும் சிறையும் விதித்தனர். 1885-இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரவர் திரண்டு எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினர். 1898-இல் மனச்சாட்சியின் பேரில் மறுப்போருக்கு விலக்களித்துச் சட்டத்தையே திருத்த நேர்ந்தது. ஜென்னர் பிறந்த நாட்டிலேயே நிகழ்ந்தது இது.

ஒரு பொய்யும் அதன் படிப்பினையும்

சென்னையோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியவரும், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என 1816-இல் எடுத்துக்காட்டியவருமான பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பவரைத் தமிழர் அறிவர். மக்கள் புதிய முறையை ஏற்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் அவர் வடமொழியில் செய்யுள் ஒன்று இயற்றி, பழைய தாளில் எழுதுவித்து, பழஞ்சுவடி கிடைத்ததுபோலத் தோன்றச் செய்தார் என்று அக்காலத்து ஆங்கிலேயரின் குறிப்பு ஒன்று கூறுகிறது. பசுவம்மை முறை நம் பழைய மருத்துவ நூல்களிலேயே உள்ளது என்ற கூற்றும் ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்து, நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டுப் பரவிற்று. வடமொழி மருத்துவ நூல்களை ஆராயும் டொமினிக் வுயாஸ்டிக் என்ற அறிஞர் இக்கூற்றின் மூலத்தைத் தேடிச் சென்று, அதற்கு ஆதாரமான பழைய நூல் ஏதும் இல்லை என நிறுவினார்.

எல்லிஸின் நோக்கம் நல்லதுதான். ஆனால் மக்களை ஏமாற்றி நன்மை செய்ய முயன்றால், நன்மை நிலைப்பதில்லை. பொய் மட்டும் நிலைத்துவிடுகிறது. டீகாதாரரின் உண்மையான திறமையை மறுப்பதும் பிழை. இல்லாத பெருமையைக் கற்பிப்பதும் பிழை. இரண்டையும் பிரித்தறியச் சோதனைக் குழாய் உதவாது. சுவடியை வரிக்கு வரி ஒப்புநோக்கும் மொழிநூலாரின் பொறுமையே உதவும்.

ஒரு வெள்ளரிப் பிஞ்சு

இனி நம் காலத்தை அடுத்து நிகழ்ந்தவற்றைக் காண்போம். சுதந்திர இந்தியா 1962-இல் தேசிய அம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. கோடிக்கணக்கானவர்களுக்கு அம்மை குத்தப்பட்டது. ஆயினும் 1967-இல் 84,000-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றனர். எங்கும் எல்லோருக்கும் குத்துவது என்ற திட்டம், எளிதில் அகப்படுவோருக்கே மீண்டும் மீண்டும் குத்துவதாய் முடிந்தது. நடைபாதையில் வாழ்வோரும், ஊர் மாறிச் செல்லும் கூலித் தொழிலாளரும், எட்டாத குக்கிராமத்தாரும் விடுபட்டனர். நோய் அவர்களிடையே குடியிருந்தது.

நைஜீரியாவில் பணியாற்றிய அமெரிக்க டாக்டர் வில்லியம் பேகி 1966-இன் இறுதியில் மருந்துப் பற்றாக்குறையால் வேறொரு வழியை மேற்கொண்டார்: நோய் கண்ட இடத்தை விரைவில் கண்டுபிடித்து, நோயாளியைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் குத்தி, பரவும் சங்கிலியை அறுப்பது. இவ்வழி 1973 முதல் இந்தியாவில் பெருமளவில் கையாளப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் வீடு வீடாகத் தேடினர். சந்தைகளிலும் பள்ளிகளிலும் தேநீர்க் கடைகளிலும் நோயாளியின் படத்தைக் காட்டி விசாரித்தனர். தகவல் தந்தவர்க்கு வெகுமதி அளித்தனர். நோய் கண்ட வீட்டின் வாயிலில் காவலர் நின்றனர். அவ்வீட்டார் பிழைப்பு தேடி வெளியே செல்லாதிருக்க உணவுக்கு வழி செய்தனர். நோய் எப்படிப் பரவுகிறது என்பதை வைரஸ் ஆராய்ச்சி கூறும். மக்கள் எங்கே கூடுகின்றனர், யாரிடம் மனம்விட்டுப் பேசுகின்றனர், எதற்காக நோயை மறைக்கின்றனர் என்பதை அது கூறாது. ஊரையும் உறவையும் சந்தையையும் அறிந்த அறிவு மருத்துவத்துக்குத் துணையாக வந்தது.

1974-இல் மட்டும் ஏறத்தாழ 1,88,000 பேர் நோயுற்றனர். அவ்வாண்டில் பீகாரின் டாடாநகரிலிருந்து ரயில் வழியே நோய் பல மாநிலங்களுக்குப் பரவிற்று. அவசரம் அதிகரித்தபோது பலாத்காரமும் புகுந்தது. இரவில் கதவைத் தள்ளித் திறந்து, தூங்கியவர்களைப் பிடித்துக் குத்திய நிகழ்ச்சிகளை வரலாற்று ஆசிரியர் பால் கிரீனோ 1995-இல் எழுதிய கட்டுரையில் வெளிப்படையாக விவரிக்கிறார்.

அவற்றுள் ஒன்று மறக்க இயலாதது. இதனை எழுதி வைத்தவர்கள், அப்பணியிலேயே ஈடுபட்டிருந்த அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் பிரில்லியண்டும் அவர் மனைவி கிரிஜாவும் ஆவர். இன்று ஜார்க்கண்டில் உள்ள சிங்பூம் பகுதியில், ஹோ பழங்குடித் தலைவர் ஒருவர் அம்மை குத்திக்கொள்ள மறுத்தார். நோய் இறைவன் சித்தம். அதற்கு இணங்குவதே தம் தர்மம் என்பது அவர் கொள்கை. பணியாளர்கள் இரவில் அவர் வீட்டுக்குள் புகுந்தனர். அவரும் அவர் மனைவியும் போராடினர். வலுக்கட்டாயமாகக் குத்தி முடித்தனர். எல்லாம் முடிந்ததும் அத்தலைவர் எழுந்து, தம் தோட்டத்துக் கொடியிலிருந்து வெள்ளரிப் பிஞ்சு ஒன்றைப் பறித்து, தம்மைப் பிடித்து அமுக்கியவர்களிடமே நீட்டினார். அவர் கூறிய விளக்கத்தின் சாரம் இதுதான்: எதிர்ப்பது என் கடமை, எதிர்த்தேன், குத்துவது உங்கள் கடமை என எண்ணினீர்கள், குத்தினீர்கள். சண்டை முடிந்தது. இப்போது நீங்கள் என் வீட்டுக்கு வந்த விருந்தினர்.

இந்நிகழ்ச்சிக்கு முன் நாம் யார் பக்கம் நிற்பது? அவருக்குக் குத்தாது விட்டிருந்தால் நோய் அவரோடு நில்லாது, அயல்வீட்டுக் குழந்தையையும் கொன்றிருக்கக்கூடும். அக்குழந்தை எந்தக் கொள்கையையும் தேர்ந்தெடுத்ததன்று. ஆயினும் நள்ளிரவில் உடைந்த கதவையும் நாம் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. வெற்றியின் வரலாற்றில் இரண்டையும் எழுதுவதே நேர்மை. ஆராய்ச்சிக் கூடத்தின் குறிப்பேட்டில் அந்த வெள்ளரிப் பிஞ்சுக்கு இடமில்லை. வரலாற்று ஏட்டில் உண்டு.

1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1977-ஆம் ஆண்டு அக்டோபரில் சோமாலியாவில் கண்ட நோயாளியே உலகில் இயற்கையாக இந்நோயுற்ற கடைசி மனிதர்.

பாடம் பயன்பட்டதா?

அம்மை வரலாற்றை அறிந்தவர்க்கு அடுத்து வந்த போலியோ ஒழிப்பின் கதை புரியும். மேற்கு உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில், சொட்டு மருந்து குழந்தைகளை மலடாக்கும் என்ற வதந்தி பரவி, கதவுகள் அடைத்துக்கொண்டன. அங்குச் சென்று மக்களோடு பேசியவர்கள் வதந்திக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருப்பதைக் கண்டனர்: சாக்கடைக்கு வழியில்லை, காய்ச்சலுக்கு டாக்டர் இல்லை, இந்தச் சொட்டு மருந்து மட்டும் ஏன் மீண்டும் மீண்டும் வாசலுக்கு வருகிறது? அக்கேள்வி நியாயமானது. இம்முறை கதவை உடைக்கவில்லை. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களையே பணிக்கு அமர்த்தினர். மதத் தலைவர்களின் துணையை நாடினர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் கைகொடுத்தன. 2009-இல் நாட்டில் 741 பேர் போலியோவினால் பாதிக்கப்பட்டனர். 2010-இல் 42 பேர். 2011 ஜனவரியில் வங்காளத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரே ஒரு குழந்தை. 2014-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. மேலான மருந்துகளும் இதற்குக் காரணம். கேட்கக் கற்றுக்கொண்ட பணியாளர்களும் காரணம்.

இவ்வாறெல்லாம் கூறுவதால், விஞ்ஞான உண்மையும் ஒரு நம்பிக்கையே, அவரவர்க்கு அவரவர் உண்மை என்று நாம் சொல்வதாகக் கொள்ளற்க. சீதலாவை வணங்கியவரையும் வணங்காதவரையும் வைரஸ் ஒன்றுபோலவே தாக்கிற்று. அம்மைப்பால் வேலை செய்தது. அதனாலேயே நோய் ஒழிந்தது. இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் மருந்து வேலை செய்வது உடலினுள். அந்த உடலைச் சென்றடையும்வரை அது மனிதர்களிடையேதான் பயணம் செய்ய வேண்டும். அப்பயணத்தின் வழியை வரைந்து காட்டுபவையே வரலாறும், மொழியும், சமயமும், சமூக இயல்களும்.

2021-இல் கொரோனாத் தடுப்பூசி பற்றிய விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி நமக்கு வாய்த்தது. ஊசி போட்டுக்கொள்ள முன்வராதவர்களைக் குறிக்கும் இடத்தில் முதலில் 'மறுப்பு' என்று எழுதினோம். எழுதியபின் அச்சொல் உறுத்திற்று. அடித்துவிட்டுத் 'தயக்கம்' என்று எழுதினோம். மறுப்பவர் என்றால் அவரை வெல்ல வேண்டும் என்று தோன்றும். தயங்குபவர் என்றால் அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது என்று தோன்றும். அதைக் கேட்டறிய வேண்டும் என்ற கடமையும் உடன் வரும். ஒரு சொல்லில் இவ்வளவு வேற்றுமை இருப்பதை நமக்குக் கற்பித்தது மருத்துவ நூலன்று; அம்மையின் வரலாறே.

நம் வீட்டு முதியோரின் கையில் அம்மை குத்திய தழும்பு இன்றும் இருக்கக் காணலாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் அது இல்லை. இனி வேண்டியதும் இல்லை. அத்தழும்பில் ஜென்னரின் அறிவு இருக்கிறது; பெயர் தெரியாத டீகாதாரரின் திறமை இருக்கிறது; குழந்தையை விட மறுத்த தாயின் அச்சம் இருக்கிறது; வீடு வீடாக நடந்த பணியாளரின் உழைப்பு இருக்கிறது. அடுத்த முறை அப்பாட்டியின் அருகில் அமரும்போது, அது எப்போது, எவர் குத்தியது, அன்று வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விஞ்ஞானத்தின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் ஒன்று அங்கே கிடைக்கும்.